விசர்நாய்க்கடி: செலவு ஒரு பேரேட்டில், இலாபம் இன்னொன்றில்

விசர்நாய்க்கடி நோய் முற்றியபின் அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. ஆனால் வராமல் தடுக்க ஊசி உண்டு. 1885 யூலை 6ஆம் திகதி, அல்சாஸ் பகுதியில் நாயிடம் கடிபட்ட யோசப் மைஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்கு, லூயி பாஸ்டரின் மேற்பார்வையில் பரிசில் அந்த ஊசி ஏற்றப்பட்டது. சிறுவன் பிழைத்தான்.

அதன்பின் 140 ஆண்டுகள் கடந்துவிட்டன. இருந்தும் இந்நோயால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இறப்பதாக மதிப்பிடப்படுகிறது. இறப்புகளில் 95 வீதம் ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் நிகழ்கின்றன. இறப்பவர்களில் பத்துக்கு நால்வர் 15 வயதுக்குட்பட்ட சிறுவர்கள்.

நோய் பரவும் விதம்

நோயுற்ற விலங்கின் உமிழ்நீரில் இந்த வைரசு இருக்கும். கடித்தாலோ, கீறினாலோ, திறந்த காயத்தை நக்கினாலோ உடலுக்குள் புகும். புகுந்தபின் நரம்பு வழியே மெதுவாக மூளையை நோக்கிச் செல்லும். அறிகுறி தோன்றப் பொதுவாக 2 முதல் 3 மாதங்கள் ஆகும். சிலருக்கு ஒரு வாரத்திலும் வரலாம், சிலருக்கு ஓராண்டும் ஆகலாம். சிகிச்சைக்குக் கிடைக்கும் அவகாசம் இவ்வளவுதான். அறிகுறி தோன்றிவிட்டால் ஏறக்குறைய எல்லோருமே இறந்துவிடுகின்றனர்.

வௌவால், நரி, கீரி போன்றவையும் இந்நோயைக் காவும். ஆனால் மனிதருக்கு வரும் நோயில் 99 வீதம் நாய்களிடமிருந்தே வருகிறது. ஆகவே நாய்களிடையே நோயை நிறுத்தினால் மனிதரிடையேயும் நின்றுவிடும்.

கணக்கு என்ன சொல்கிறது?

நாய்வழி பரவும் இந்நோயால் உலகுக்கு ஆண்டுக்கு 860 கோடி அமெரிக்க டொலர் இழப்பு என்று 2015இல் வெளியான ஒரு மதிப்பீடு கூறுகிறது. கணக்காளர் வழக்கப்படி அதைத் தலைப்பு வாரியாகப் பிரித்துப் பார்ப்போம். அகால மரணங்களால் ஏற்படும் இழப்பு சுமார் 55 வீதம். கடிபட்டவர்களுக்கான சிகிச்சைச் செலவு 20 வீதம். சிகிச்சைக்காக அலைவதால் இழக்கும் வருமானம் 15 வீதத்துக்குச் சற்று மேல். கால்நடை இழப்பு 6 வீதம். நாய்களுக்குத் தடுப்பூசி போடும் செலவு 1.5 வீதம் மட்டுமே.

நோயை வேரோடு நிறுத்தக்கூடிய ஒரே தலைப்புக்கு மிகக் குறைந்த பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. இதற்கு ஒரு காரணம் நிர்வாகத்தில் இருக்கிறது. நாய்க்கு ஊசி போடும் செலவு பெரும்பாலான நாடுகளில் கால்நடைத் திணைக்களத்தின் பாதீட்டில் விழுகிறது. அதனால் மிச்சமாகும் பணமோ சுகாதார அமைச்சின் பாதீட்டில்தான் தெரியும். செலவழிப்பவருக்கு இலாபம் தெரிவதில்லை. இலாபம் பெறுபவர் செலவழிப்பதில்லை. இரண்டு பேரேடுகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் நாடுகளே வெற்றி கண்டிருக்கின்றன. கடிபட்டவருக்கான ஊசியை நிறுத்தலாம் என்பது இதன் பொருளல்ல. அது மட்டும் போதாது என்பதே பொருள்.

70 வீதம் ஏன்?

ஒரு பிரதேசத்தில் உள்ள நாய்களில் 70 வீதத்துக்கு ஊசி போட்டால் நோய்ச் சங்கிலி அறுந்துவிடும். நோயுற்ற ஒரு நாய் சராசரியாக இரண்டுக்கும் குறைவான நாய்களுக்கே நோயைக் கொடுக்கிறது. எனவே சங்கிலியை அறுக்க உண்மையில் இதைவிடக் குறைந்த வீதமே போதும். ஆனால் நாய்களின் ஆயுள் குறுகியது, குட்டிகள் பிறந்துகொண்டே இருக்கும். 70இல் தொடங்கினால்தான் அடுத்த ஆண்டுச் சுற்று வரும்வரை பாதுகாப்பு நிலைக்கும்.

கட்டாக்காலி நாய்களைக் கொல்வது பயனற்றது. 2008இல் இந்தோனேசியாவின் பாலித் தீவில் நோய் புகுந்தபோது நாய்கள் பெருமளவில் கொல்லப்பட்டன. ஊசி போட்ட நாய்களும் அதில் இறந்தன. மக்கள் தமது நாய்களை வேறிடங்களுக்கு ஒளித்துக் கொண்டுபோனதால் நோயும் கூடவே போனது. நூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2010இல் தீவு முழுவதும் நாய்களுக்கு ஊசி போடத் தொடங்கிய பின்னரே இறப்புகள் குறைந்தன.

சாதித்த நாடுகள்

மெக்சிக்கோவில் 1990இல் நாய்வழி 60 பேருக்கு இந்நோய் வந்தது. இலவசமாக நாய்களுக்கு ஊசி போடும் தேசியத் திட்டம் தொடர்ந்ததால் 1999இல் இந்த எண்ணிக்கை 3 ஆனது. நாய்வழி மனித மரணங்களை ஒழித்ததாக உலக சுகாதார ஸ்தாபனத்தின் அங்கீகாரத்தை 2019இல் பெற்ற முதல் நாடு மெக்சிக்கோ.

எம்மில் பலர் வாழும் சுவிற்சர்லாந்தில் நோயைப் பரப்பியவை நரிகள். 1978இல் கோழித்தலைகளுக்குள் தடுப்பு மருந்து வைத்து றோன் பள்ளத்தாக்கில் இட்டார்கள். நரிகள் தின்றன. ஐரோப்பா முழுவதும் பரவிய இம்முறையின் பயனாக 1999இல் அந்நாடு நோயற்றதாக அறிவிக்கப்பட்டது.

இலங்கையில் 1970களில் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். நாய்களுக்கான ஊசியாலும் அரச வைத்தியசாலைகளின் இலவசச் சிகிச்சையாலும் இன்று அது 50க்குக் கீழ் வந்துவிட்டது. ஆனால் பூச்சியமாகவில்லை.

நாய்வழி மனித மரணங்களை 2030க்குள் பூச்சியமாக்குவதே 2018இல் சர்வதேச அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட திட்டத்தின் இலக்கு.

ஊருக்குப் போவோர் கவனத்துக்கு

கடிபட்டால் உடனே சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் பூச வேண்டாம். தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். "நாய் நன்றாகத்தானே இருக்கிறது" என்று காத்திருக்க வேண்டாம். 10 நாட்களின் பின்னும் நாய் சுகமாக இருந்தால் ஊசியை நிறுத்துவதை வைத்தியர் தீர்மானிப்பார். இரத்தம் வரும் காயமானால், காயத்தைச் சுற்றி எதிர்ப்புப் புரத மருந்தும் ஏற்ற வேண்டும். தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்ட காலம் போய்விட்டது. இப்போது ஊசி கையிலேயே போடப்படுகிறது.

நாயைக் கண்டால் தடவப் போவது இங்கு பிறந்த பிள்ளைகளின் பழக்கம். கீறல் பட்டாலும் வீட்டில் சொல்லவேண்டும் என்று புறப்படுமுன் அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். முற்கூட்டியே ஊசி போடுவது பற்றிக் குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள். அப்படிப் போட்டிருந்தால், கடிபட்டபின் மேலும் சில ஊசிகளே போதும். பல இடங்களில் கிடைக்காத, விலை கூடிய எதிர்ப்புப் புரத மருந்தைத் தேடி அலையவும் வேண்டியதில்லை.

ஊருக்கு உதவி அனுப்பும் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டுக் கணக்கில், அப்பிரதேசக் கால்நடை வைத்தியரின் ஊசித் திட்டத்துக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.