நூல்பிரி தடுப்பு நீர்மம்

நூல்பிரி தடுப்பு நீர்மம் என்பது வெட்டிய துணியின் ஓரத்திலிருந்து நூல்கள் கழன்று வருவதைத் தடுக்கப் பூசப்படும் பசை போன்ற நீர்மப் பொருள் ஆகும். இதில் கரைந்தோ கலந்தோ இருக்கும் பாலிமர், உலர்ந்ததும் மெல்லிய படலமாக மாறி ஓரத்து நூல்களை ஒன்றோடொன்று பிணைக்கிறது. பொத்தான் துளை, நாடாவின் முனை, ஒட்டுத்துணி வேலைப்பாட்டின் விளிம்பு போன்று மடித்துத் தைக்க இடமில்லாத பகுதிகளில் இது பயன்படுகிறது. எல்லாத் துணிகளுக்கும் ஏற்ற ஒரே நீர்மம் என ஒன்று இல்லை. இழையின் தன்மை அறியாமல் பூசினால் துணி கெடுவதுடன் தீக்காயமும் ஏற்படலாம்.

நூல் பிரியும் காரணம்

நெய்த துணியில் பாவு நூல்கள் நீளவாக்கிலும் ஊடை நூல்கள் குறுக்குவாக்கிலும் ஒன்றன் மேலும் கீழுமாக மாறிமாறிச் செல்கின்றன. இவற்றுக்கிடையே முடிச்சு எதுவும் இல்லை. உராய்வு ஒன்றே இவற்றைப் பிடித்து வைக்கிறது. நாடா ஓடும் தறியில் ஊடை நூல் ஓரத்தில் திரும்பி மீண்டும் துணிக்குள் நுழைவதால் இரு நீள ஓரங்களும் தறியிலேயே மூடப்பட்டுவிடுகின்றன. கத்தரி பட்ட ஓரத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

விசைத்தறி நெசவுக்கு அறியப்பட்ட ஊரான சங்கரன்கோவிலில் (தென்காசி மாவட்டம், 2019 வரை திருநெல்வேலி மாவட்டம்) நெய்யப்படும் பருத்திச் சேலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 5.5 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள சேலையின் சுற்றளவு 13.4 மீட்டர் ஆகும். இதில் 11 மீட்டர் தறியிலேயே மூடப்பட்ட ஓரம். இரு முனைகளிலும் சேர்த்து 2.4 மீட்டர் மட்டுமே வெட்டுப்பட்ட ஓரம். ஆகவே முனைகளை மட்டும் ஓரம் அடித்தாலோ, முந்தானையின் பாவு நூல்களை முடிந்து குஞ்சம் கட்டினாலோ போதும். அதே சேலையுடன் வரும் இரவிக்கைத் துணியைப் பல துண்டுகளாக வெட்டும்போது, ஒவ்வொரு துண்டிலும் பெரும்பாலான ஓரங்கள் பிரியக்கூடியவையாகின்றன.

பிரியும் அளவு துணிக்குத் துணி மாறுபடும்.

* பட்டு, செயற்கை இழை ஆகியவற்றின் வழவழப்பான நூல்கள் எளிதில் நழுவும். நூற்கப்பட்ட பருத்தி நூலில் சிலும்பு இருப்பதால் உராய்வு கூடுதல்.
* நெருக்கமான சாதா நெசவை விட, நூல் பின்னல்கள் குறைந்த சாட்டின் நெசவு அதிகமாகப் பிரியும்.
* மூலைவாட்டாக வெட்டிய ஓரம் குறைவாகவே பிரியும்.

நீர்மங்களின் வகைகள்

* நைலான் வகை: ஆல்ககால் போன்ற கரைப்பானில் கரைந்த நைலான் பாலிமர். உலர்ந்தபின் ஒளிபுகும் படலமாகும், துவைப்பைத் தாங்கும். 'ஃபிரே செக்' என்பது இவ்வகையில் அறியப்பட்ட வணிகப் பெயர்.
* வெள்ளைப் பசை: நீரில் கலந்த பாலிவினைல் அசிட்டேட்டு. எளிதில் கிடைக்கும். சாதாரண வகை நீரில் இளகுவதால் துவைக்கும் ஆடைகளுக்கு ஏற்றதன்று.
* நிறமற்ற நகப்பூச்சு: நைட்ரோசெல்லுலோசு கொண்டது. நாடா முனை போன்ற சிறு இடங்களுக்குப் பயன்படும். இதன் கரைப்பான் அசிட்டேட்டு இழைத் துணியைச் சிதைக்கக்கூடும்.
* கஞ்சி: வெட்டும்போதும் தைக்கும்போதும் ஓரத்தை விறைப்பாக வைக்கும் தற்காலிகத் தீர்வு. முதல் துவைப்பிலேயே நீங்கிவிடும்.

பயன்படுத்தும் முறை

1. அதே துணியின் கழிவுத் துண்டில் முதலில் பூசி, உலர்த்தி, துவைத்துப் பார்க்க வேண்டும். கறை, நிறமாற்றம், விறைப்பு ஆகியவை இதில் தெரிந்துவிடும்.
2. வெட்ட வேண்டிய கோட்டின் மேல் 2 முதல் 3 மில்லிமீட்டர் அகலத்தில் மெல்லியதாகப் பூச வேண்டும். நுண்துளை ஈர்ப்பினால் நீர்மம் நூல் வழியே பரவும் என்பதால் குறைவாக இடுவதே நன்று.
3. முழுமையாக உலர்ந்தபின், பூசிய பட்டையின் நடுவே வெட்ட வேண்டும். வெட்டியபின் பூசினால், அதற்குள் கழன்ற நூல்களும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்.
4. ஈரம் இருக்கும்போது இஸ்திரி போடக் கூடாது.

எச்சரிக்கைகள்

உடனடியாக ஒட்டும் சயனோஅக்ரிலேட்டுப் பசையைப் பருத்தித் துணியில் பூசக் கூடாது. அப்பசை பருத்தியுடன் சேரும்போது மிக விரைவாக வினைபுரிந்து, தோலைச் சுடும் அளவுக்கு வெப்பத்தை வெளியிடக்கூடும். அணிந்திருக்கும் ஆடையின் நூலை நிறுத்த இதைச் சொட்டு விடுவது ஆபத்தானது.

ஆல்ககால், அசெட்டோன் முதலிய கரைப்பான்கள் தீப்பற்றக்கூடியவை. அடுப்பு, விளக்கு ஆகியவற்றிலிருந்து விலகி, காற்றோட்டமான இடத்தில் பயன்படுத்த வேண்டும். உலர்ந்த ஓரம் விறைப்பாகித் தோலை உரசும் என்பதால் குழந்தைகளின் உள்ளாடைகளுக்கு இது ஏற்றதன்று.

நீர்மம் பயன்படாத இடங்கள்

சங்கரன்கோவிலுக்கு வடக்கே, இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி மருத்துவக் கட்டுத்துணி நெசவுக்குப் பெயர் பெற்றது. கட்டுத்துணியின் நூல் கழன்று புண்ணில் தங்கினால் தீங்கு விளையும். ஆனால் பசை பூசினால் துணியின் உறிஞ்சும் தன்மை குறைந்துவிடும். ஆகவே புண்ணின் மேல் வைக்கும் துண்டுகளில் வெட்டிய ஓரங்கள் உட்புறம் இருக்குமாறு மடிக்கப்படுகின்றன. எதையும் பூசாமல், மடிப்பினால் மட்டுமே பெறப்படும் தீர்வு இது.

நாள்தோறும் இழுபடும் கைலி, சட்டை ஆகியவற்றின் ஓரங்களுக்கும் தையலே உறுதியானது.

பிற முறைகள்

* மடித்துத் தைத்தல்: கைலி மூட்டுதலும் சேலை ஓரம் அடித்தலும் இவ்வகையின.
* ஓவர்லாக் தையல்: ஓரத்தைச் சுற்றி நூல் பின்னும் பொறி. அமெரிக்காவின் மெரோ நிறுவனம் 1889 இல் இதற்குக் காப்புரிமை பெற்றது.
* பல்வெட்டுக் கத்தரி: ஓரத்தை வளைவுநெளிவாக வெட்டுவதால் கழலும் நூலின் நீளம் குறைகிறது, பிரிவது முற்றிலும் நிற்பதில்லை.
* சுட்டு மூடுதல்: நைலானும் பாலியஸ்டரும் ஏறத்தாழ 220 முதல் 260 பாகை செல்சியசில் உருகி ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் பட்டும் உருகாமல் கருகும் என்பதால் அவற்றுக்கு இம்முறை பொருந்தாது.

இவற்றையும் பார்க்கவும்

* நெசவு
* விசைத்தறி
* தையல்