கோப்பை மட்டும் போதுமா? – ஷான் ஓக் ஓ ஹால்பீனின் ஆட்டமும் போராட்டமும்

ஒரு வீரரைத் தோளில் தூக்கிக் கொண்டாடுவதும் அவரைப் போன்றவர்களைச் சமமாக நடத்துவதும் ஒன்றல்ல. இதை விளங்கிக்கொள்ள அயர்லாந்தின் ஹர்லிங் வீரர் ஒருவரின் வரலாறு நமக்கு உதவும். அவர் பெயர் ஷான் ஓக் ஓ ஹால்பீன். கிரிக்கெட்டையும் கால்பந்தையும் பார்த்து வளர்ந்த நம்மில் பலருக்கு வீரர் மட்டுமல்ல, அந்த விளையாட்டே புதிதாக இருக்கும். ஆகவே விளையாட்டிலிருந்தே தொடங்குவோம்.

ஹர்லிங்கில் அணிக்கு 15 பேர். ஆளுக்கொரு மட்டை. ஆஷ் என்னும் மரத்தில் செய்தது, நுனி அகன்றிருக்கும். பந்து சிறியது, தோலால் ஆனது. அதைத் தரையில் அடிக்கலாம், அந்தரத்தில் அடிக்கலாம், மட்டையின் நுனியில் ஏந்தியபடியே ஓடவும் செய்யலாம். இரு கம்பங்களுக்கு நடுவே, குறுக்குச் சட்டத்துக்கு மேலே பந்து போனால் 1 புள்ளி. சட்டத்துக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு 3 புள்ளிகள். கோலையும் புள்ளியையும் தனித்தனியாக எழுதுவார்கள். 1-21 என்றால் ஒரு கோல், 21 புள்ளிகள், ஆக மொத்தம் 24. அயர்லாந்தில் கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது. கவுண்டி அணிகள் மோதும் ஆட்டம் 70 நிமிடம் நடக்கும்.

இந்த விளையாட்டுக்கு ஓர் அரசியல் வரலாறு உண்டு. 1366இல் கில்கென்னி நகரில் ஆங்கில ஆட்சியாளர்கள் ஒரு சட்டத் தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். அயர்லாந்தில் குடியேறிய ஆங்கிலேயர்கள் மெல்ல மெல்ல ஐரிஷ் மக்களோடு கலந்துவிடுகிறார்கள் என்பது அவர்களுடைய அச்சம். ஆகவே குடியேறியவர்கள் ஐரிஷ் மொழி பேசக்கூடாது, ஐரிஷ் மக்களோடு மணவுறவு கொள்ளக்கூடாது, ஹர்லிங் ஆடக்கூடாது என்று தடை விதித்தார்கள். மொழி, மணம், விளையாட்டு ஆகிய மூன்றும் மனிதர்களைக் கலக்க வைக்கும் என்பது அன்றைய அதிகாரத்துக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

பல நூற்றாண்டுகள் கழித்து, 1884 நவம்பர் 1 அன்று தர்லெஸ் என்ற ஊரில் கேலிக் விளையாட்டுச் சங்கம் தொடங்கப்பட்டது. ஐரிஷ் விளையாட்டுகளை மீட்டெடுப்பது அதன் நோக்கம். அதன் வீரர்களுக்கு ஊதியம் கிடையாது என்பது இன்றுவரை தொடரும் விதி. 80,000 பேருக்கு மேல் அமரக்கூடிய டப்ளின் குரோக் பார்க் அரங்கில் இறுதிப் போட்டி ஆடுபவர், மறுநாளோ அதற்கடுத்த நாளோ தன் வேலைக்குத் திரும்ப வேண்டியவர். வகுப்பறைக்கோ வங்கிக்கோ வயலுக்கோ போக வேண்டும்.

அப்படி ஒரு மண்ணின் விளையாட்டுக்குள் வந்து சேர்ந்தவர்தான் ஷான் ஓக். 1977இல் ஃபிஜியில் பிறந்தவர். ஃபிஜி என்றதும் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்ட நம் மக்கள்தான் நமக்கு நினைவுக்கு வருவார்கள். ஷான் ஓக்கின் தாய் அதே நாட்டின் ரோட்டுமா என்னும் தீவைச் சேர்ந்தவர். தனி மொழியும் தனிப் பண்பாடும் கொண்ட சிறு தீவு அது. 1881இல் பிரிட்டிஷ் ஆட்சிக்குள் போனது. தந்தை வட அயர்லாந்தின் ஃபெர்மானா கவுண்டிக்காரர். அந்தப் பகுதி இன்றும் பிரிட்டனோடுதான் இருக்கிறது. ஆக, ஒரே பேரரசின் இரு மூலைகளில் இருந்து வந்த பெற்றோர். 'ஓக்' என்றால் ஐரிஷில் இளையவர் என்று பொருள். தந்தையும் ஷான், மகன் இளைய ஷான்.

குடும்பம் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் வாழ்ந்தது. 1988இல் அயர்லாந்தின் தெற்கே உள்ள கார்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. சிறுவனுக்கு அப்போது 10 வயது. அதுவரை ஹர்லிங் மட்டையைப் பிடித்து வளர்ந்தவன் அல்ல. ஐரிஷ் மொழியும் தெரியாது. நகரின் வடபகுதியில், ஐரிஷ் வழியில் கற்பிக்கும் பள்ளியில் படித்து மொழியைக் கற்றுக்கொண்டான். நா பீர்ஷி என்ற உள்ளூர்க் கழகத்தில் சேர்ந்து ஆட்டத்தைக் கற்றுக்கொண்டான். 1366இல் குடியேறியவர்களுக்கு விலக்கப்பட்ட இரண்டையும், குடியேறி வந்த ஒரு சிறுவன் கையில் எடுத்தான். ஐரிஷ் மொழி அரசியல் சாசனப்படி நாட்டின் முதல் ஆட்சிமொழி. ஆனால் அதை அன்றாடம் பேசுவோர் அங்கே மிகவும் குறைவு என்பதையும் சேர்த்து யோசித்தால்தான் இதன் அருமை புரியும்.

1995இல் கார்க் இளையோர் அணி அகில அயர்லாந்துப் பட்டம் வென்றபோது அவர் அணியில் இருந்தார். 1996இல் மூத்தோர் அணியில் இடம் கிடைத்தது. 1997, 1998 ஆண்டுகளில் 21 வயதுக்கு உட்பட்டோர் பட்டங்கள். 1999 செப்டம்பரில் மூத்தோர் இறுதிப் போட்டியில் கில்கென்னியை 0-13, 0-12 என்று ஒரே ஒரு புள்ளியில் கார்க் வென்றது. அதே மாதம் அவர் கேலிக் கால்பந்து இறுதிப் போட்டியிலும் கார்க்குக்காக ஆடினார். அதில் மீத் அணியிடம் தோல்வி. ஒரே மாதத்தில் இரண்டு விளையாட்டுகளின் இறுதிப் போட்டிகளில் ஆடுவது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

2001இல் கார் விபத்து ஒன்றில் அவரது முழங்கால் கடுமையாகச் சேதமடைந்தது. ஆட்டம் முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள். நீண்ட சிகிச்சைக்கும் பயிற்சிக்கும் பிறகு அவர் அணிக்குத் திரும்பினார். பாதுகாப்பு வரிசையின் இடது ஓரம் அவருடைய இடம். 2003 இறுதிப் போட்டியில் கில்கென்னியிடம் தோல்வி. 2004இல் அதே கில்கென்னியை 0-17, 0-9 என்று கார்க் வீழ்த்தியது. அந்த ஆண்டின் சிறந்த ஹர்லிங் வீரராக ஷான் ஓக் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இங்கே நாம் சற்று நின்று 2004ஆம் ஆண்டில் வேறு என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். அந்த ஆண்டு ஜூன் 11 அன்று அயர்லாந்தில் குடியுரிமை குறித்த பொதுவாக்கெடுப்பு நடந்தது. அதுவரை அயர்லாந்து மண்ணில் பிறந்த குழந்தைக்குக் குடியுரிமை பிறப்புரிமையாக இருந்தது. பெற்றோர் இருவரும் வெளிநாட்டவர் என்றால் குழந்தைக்கு அந்த உரிமை இனி தானாகக் கிடைக்காது என்று சாசனத்தைத் திருத்த சுமார் 79 சதவீத வாக்காளர்கள் ஒப்புதல் அளித்தார்கள். ஷான் ஓக்கின் தந்தை ஐரிஷ்காரர் என்பதால் அவரை இந்தத் திருத்தம் தொடாது. ஆனால் வேறு நாடுகளில் இருந்து வந்து, அயர்லாந்தில் பிள்ளை பெற்ற தாய்மார்களை அது தொட்டது. ஜூன் மாதம் வாக்களித்த அதே நாடுதான் செப்டம்பரில் ரோட்டுமாத் தாயின் மகனுக்குக் கைதட்டியது.

இதைச் சொல்வது அயர்லாந்து மக்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக அல்ல. தனிமனிதரை ஏற்பது எளிது, சட்டத்தில் இடம் கொடுப்பது கடினம் என்பதைக் காட்டத்தான். 'இதோ எங்கள் அணியில் ஒருவர் இருக்கிறாரே, பிறகு எங்கே பாகுபாடு?' என்ற கேள்வியை நாம் அடிக்கடி எதிர்கொள்கிறோம். விதிவிலக்கைக் காட்டி விதியை மறைக்கும் தந்திரம் அது.

2005இல் ஷான் ஓக் கார்க் அணியின் தலைவர். செப்டம்பர் 11 அன்று இறுதிப் போட்டியில் கால்வேயை 1-21, 1-16 என்று கார்க் வென்றது. வெற்றி பெற்ற அணித்தலைவர் மேடையேறிக் கோப்பையை வாங்கிப் பேசுவது மரபு. பெரும்பாலோர் முதல் சில சொற்களை ஐரிஷில் சொல்லிவிட்டு ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். ஷான் ஓக் தொடக்கம் முதல் முடிவு வரை ஐரிஷிலேயே பேசினார். புகழ்பெற்ற வர்ணனையாளர் மீஹால் ஓ முர்ஹார்ட்டி, இவருடைய தந்தை ஃபெர்மானா, தாய் ஃபிஜி, இரண்டுமே ஹர்லிங்குக்குப் பேர்போன இடங்கள் அல்ல என்று வேடிக்கையாகச் சொன்னது நாடெங்கும் பரவியது. அன்போடு சொன்னதுதான். ஆனாலும் இன்னொன்றையும் நாம் நினைவில் வைக்கலாம். அன்று அவர் கையில் இருந்த லியாம் மெக்கார்த்தி கோப்பைக்குப் பெயர் கொடுத்தவரே அயர்லாந்தில் பிறந்தவர் அல்ல. அவர் லண்டனில், குடிபெயர்ந்த ஐரிஷ் பெற்றோருக்குப் பிறந்தவர். மண்ணின் விளையாட்டு என்று சொல்லப்படுவதன் உச்சப் பரிசே புலம்பெயர்ந்த குடும்பத்தின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

கதையை இங்கே முடித்தால் அது வெறும் நெகிழ்ச்சிக் கதையாகிவிடும். வெளியிலிருந்து வந்தவர் மொழி கற்றார், ஆட்டம் கற்றார், கோப்பை வென்றார், எல்லோரும் மகிழ்ந்தார்கள் என்பதோடு நின்றுவிடும். பொதுப்புத்திக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். ஏனென்றால் இதில் வந்தவர் எதையும் எதிர்த்துக் கேட்பதில்லை. ஆனால் ஷான் ஓக் கேட்டார், தனியாக அல்ல, அணியோடு சேர்ந்து.

2002 இறுதியில் கார்க் ஹர்லிங் வீரர்கள் வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். அவர்கள் ஊதியம் கேட்கவில்லை. அணிக்கு மருத்துவர், உடற்பயிற்சிக் கூடம், முறையான பயண ஏற்பாடு போன்ற அடிப்படை வசதிகளைக் கேட்டார்கள். சம்பளமே வாங்காதவர்களுக்கு வேலைநிறுத்தம் எதற்கு என்று கேலி செய்தவர்கள் உண்டு. சம்பளம் இல்லாத இடத்தில் உழைப்பை நிறுத்துவது ஒன்றுதான் கையில் இருக்கும் ஆயுதம் என்பதை அவர்கள் உணரவில்லை. கால்பந்து வீரர்களும் துணை நின்றார்கள். சில வாரங்களில் கவுண்டி நிர்வாகம் இறங்கிவந்தது. அடுத்த மூன்று ஆண்டுகளும் கார்க் இறுதிப் போட்டிக்குப் போனது என்பதைக் கவனியுங்கள்.

2007 இறுதியில் இரண்டாம் மோதல். பயிற்சியாளர் தன் துணைத் தேர்வாளர்களைத் தானே நியமிக்கும் உரிமையை நிர்வாகம் பறித்தது. பாதிக்கப்பட்டது கால்பந்து அணி. ஹர்லிங் வீரர்கள் அவர்களுக்காகக் களத்தை விட்டு விலகி நின்றார்கள். 2002இல் பெற்ற ஆதரவைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்றே சொல்லலாம். தொழிலாளர் உறவு ஆணையத்தின் தலைவர் நடுவராக இருந்து 2008 பிப்ரவரியில் அதை முடித்துவைத்தார்.

மூன்றாவது மிகவும் கசப்பானது. ஜெரால்டு மெக்கார்த்தி மீண்டும் ஹர்லிங் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டதை ஏற்க மறுத்து, 2008ஆம் ஆண்டின் வீரர்கள் ஆட மறுத்தார்கள். மெக்கார்த்தி வேற்றாள் அல்ல. 1966இல் கார்க் பட்டம் வென்றபோது அணித்தலைவராக இருந்தவர். நிர்வாகம் புதிய வீரர்களைக் கொண்டு அணி அமைத்தது. வீரர்களுக்கு ஆதரவாக ஆயிரக்கணக்கானோர் கார்க் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். 2009 மார்ச்சில் மெக்கார்த்தி விலகினார். நண்பர்கள் பிரிந்தார்கள், கழகங்கள் பிளவுபட்டன. வீரர்கள் வரம்பு மீறினார்கள் என்று கருதியவர்களில் நேர்மையானவர்களும் உண்டு. இந்தச் சங்கம் லாபத்துக்காக நடப்பதல்ல, வருமானத்தின் பெரும்பகுதி கழகங்களுக்கும் மைதானங்களுக்கும்தான் போகிறது என்பது அவர்கள் வாதம். அதை நாம் புறந்தள்ள வேண்டியதில்லை. லாபம் இல்லாத அமைப்பிலும் அதிகாரம் உண்டு, அந்த அதிகாரத்தையும் கேள்வி கேட்கலாம் என்பதே நம் பதில். தொண்டு நிறுவனங்களிலும் இயக்கங்களிலும் வேலை செய்யும் நமக்கு இது புதிதல்ல.

2010 இறுதியில் அப்போதைய பயிற்சியாளர் ஷான் ஓக்கை அணியிலிருந்து விடுவித்தார். வயது 33. 2012இல், 1999 அணியின் பயிற்சியாளரான ஜிம்மி பாரி மர்ஃபி திரும்பி வந்தபோது ஷான் ஓக்கையும் அழைத்தார். அந்த ஆண்டு அரையிறுதியில் கால்வேயிடம் கார்க் தோற்றது. அத்துடன் அவர் ஓய்வு பெற்றார். மூன்று அகில அயர்லாந்துப் பட்டங்கள் (1999, 2004, 2005), மூன்று வேலைநிறுத்தங்கள். எண்ணிக்கை தற்செயலாக ஒத்துப்போகிறது.

மாணவத் தோழர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். வெளியிலிருந்து வந்தவரிடம் எல்லாச் சமூகமும் இரண்டை எதிர்பார்க்கிறது: திறமை, நன்றி. திறமையைக் காட்டினால் கைதட்டும். நன்றியோடு வாய்மூடி இருந்தால் மடியில் வைத்துக்கொள்ளும். ஷான் ஓக் தன் திறமையைக் கொடுத்தார். நன்றிக்கடனாக மௌனத்தைக் கொடுக்கவில்லை. தனக்கு மட்டும் சலுகை கேட்டிருந்தால் ஒருவேளை கிடைத்திருக்கும். அவர் அணிக்காகக் கேட்டார், அணியோடு நின்றார், வசையையும் அணியோடு பகிர்ந்துகொண்டார். அந்தக் கவுண்டி அவருக்கும் உரியதாக ஆனது 2005இல் கோப்பையைத் தூக்கியபோது மட்டுமல்ல. 2002இல் சக வீரர்களோடு சேர்ந்து ஆட மறுத்தபோதே அது தொடங்கிவிட்டது.

நம்மிடையே யாராவது ஒருவர் பெரிய மேடை ஏறும்போது நாம் மகிழ்வோம், படம் பகிர்வோம். அது தவறல்ல. அதோடு, அந்த ஆண்டு சட்டத்தில் என்ன மாறியது, யாருக்குக் கதவு மூடப்பட்டது என்பதையும் தேடிப் படிப்போம்.