உருகிய உப்பில் ஓடிய உலை

மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று ஆசிரியர் குழுவினர் கேட்டார்கள். ராஜாக்கள் கதை எழுத எனக்கு வராது, இயந்திரத்தின் கதை என்றால் எழுதுகிறேன் என்றேன். சரி என்றார்கள். ஆகவே இந்தக் கட்டுரையில் போர் இல்லை, பட்டாபிஷேகம் இல்லை. பம்பு, வால்வு, குழாய், அவற்றை எப்படி ஓட்டுவது என்று எழுதிவைத்த சில புத்தகங்கள், அவ்வளவுதான்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. 1960-களில் அங்கே 'உருகிய உப்பு உலைச் சோதனை' என்ற பெயரில் ஒரு சின்ன அணு உலை ஓடியது. ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் ஆல்வின் வைன்பெர்க் இந்த யோசனையைப் பிடிவாதமாகத் தூக்கிச் சுமந்தவர். 1960-ல் வடிவமைப்பு தொடங்கியது. உலையின் திறன் ஏறக்குறைய 8 மெகாவாட் வெப்பம். அதிலிருந்து மின்சாரம் எடுக்கவில்லை; வெப்பத்தை ரேடியேட்டர் வழியாகக் காற்றில் விட்டுவிட்டார்கள். இப்படி ஒரு உலையை ஓட்ட முடியுமா என்று தெரிந்துகொள்வதே நோக்கம்.

அப்படி என்ன விசேஷம்? சாதாரண அணு உலையில் எரிபொருள் திடப்பொருள். கம்பிகளாக உள்ளே நிற்கும், அதைச் சுற்றித் தண்ணீர் ஓடும். இங்கே எரிபொருளே திரவம். லித்தியம், பெரிலியம், ஜிர்க்கோனியம் ஆகியவற்றின் ஃப்ளோரைடு உப்புகளை உருக்கி, அதில் யுரேனியம் ஃப்ளோரைடைக் கரைத்துவிட்டார்கள். இந்தக் கரைசல் கிராஃபைட் அடுக்குகளின் இடையே ஓடும்போது அணுப்பிளவு நடக்கும். சுமார் 650 டிகிரி செல்சியஸில் வெளியே வரும். தன் வெப்பத்தை இன்னொரு உப்புக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகும். குழாய்களும் பாத்திரங்களும் 'ஹாஸ்டெலாய் என்' என்ற நிக்கல் கலப்பு உலோகம்.

தண்ணீர் முதலில், உப்பு பிறகு

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் உள்ளே ஒருமுறை அணுப்பிளவு தொடங்கிவிட்டால் எதையும் கையால் தொட முடியாது. ஆகவே தொட முடிகிற காலத்திலேயே எல்லாவற்றையும் சோதித்துவிட வேண்டும் என்பது அவர்கள் கொள்கை.

உலைப் பாத்திரத்துக்கு முழு அளவில் ஒரு மாதிரி செய்து அதில் தண்ணீரை ஓட்டிப் பார்த்தார்கள். எரிபொருள் எங்காவது மூலையில் தேங்கினால், தேங்கிய இடத்திலேயே சூடாகிக்கொண்டு போகும் அல்லவா? பம்பையும் முதலில் தண்ணீரில் சோதித்து, பிறகு சூடான உப்பில் நீண்ட நேரம் ஓட்டினார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த பாகம் உறைவால்வு. எரிபொருளைக் கீழேயுள்ள தொட்டியில் இறக்கும் குழாயில் சாதாரண வால்வு வைத்தால் அதன் சீட்டும் சீலும் அந்த உப்பைத் தாங்குமா என்ற கவலை. ஆகவே குழாயின் ஒரு பகுதியைத் தட்டையாக்கி, அதன்மேல் குளிர்ந்த காற்றை ஊதினார்கள். உள்ளே இருக்கும் உப்பு உறைந்து தக்கை போல அடைத்துக்கொள்ளும். காற்றை நிறுத்தினால் தக்கை உருகும். எரிபொருள் தன் எடையாலேயே கீழே இறங்கிவிடும். கரண்ட் போனாலும் கவலையில்லை. இந்த வால்வையும், உறைந்த உப்பே சீலாக நிற்கும் ஃபிளேஞ்சுகளையும் தனிச் சோதனைச் சுற்றுகளில் திரும்பத் திரும்ப உறைய வைத்து, உருக்கிப் பார்த்தபிறகே உலையில் பொருத்தினார்கள்.

பன்னிரண்டு பகுதிகள்

சோதனை ஒரு பக்கம் என்றால், எழுத்து இன்னொரு பக்கம். இந்த உலைக்கான வடிவமைப்பு, இயக்க அறிக்கை 12 பகுதிகளாகத் திட்டமிடப்பட்டது. எந்த அளவைத் தாண்டக்கூடாது என்பது ஒரு பகுதி. எட்டாவது பகுதி இயக்க நடைமுறைகள். ஒன்பதாவது அவசரகாலத் திட்டங்கள், பத்தாவது பராமரிப்பு, பதினொன்றாவது சோதனைத் திட்டம்.

ஏன் இவ்வளவு? ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். குளிர்ந்த குழாயில் இந்த உப்பை விட்டால் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஆகவே உப்பு வருவதற்கு முன்பே மின்சார ஹீட்டரால் எல்லாக் குழாயும் சூடாகியிருக்க வேண்டும். எந்த ஹீட்டர் முதலில், எத்தனை டிகிரி வரை, எந்த அளவுமானியைப் பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போகலாம் என்பதெல்லாம் காகிதத்தில் இருந்தாக வேண்டும். ஆப்பரேட்டர்களுக்குப் பயிற்சி தர அனலாக் கம்ப்யூட்டர்களைக் கொண்டு சிமுலேட்டரும் அமைத்தார்கள். அந்தக் காலத்தில் இது பெரிய விஷயம்.

1965 ஆரம்பத்தில் யுரேனியம் இல்லாத உப்பைச் சுற்றவிட்டுப் பார்த்தார்கள். பிறகு செறிவூட்டிய யுரேனியத்தைப் படிப்படியாகச் சேர்த்தார்கள். கடைசிக் கட்டத்தில் சின்னக் குப்பிகளில், ஒன்றுக்குச் சுமார் 85 கிராம் வீதம் இறக்கினார்கள். 1965 ஜூன் 1-ஆம் தேதி தொடர்வினை தானே நிலைத்து நின்றது.

இத்தனைக்குப் பிறகும் தொல்லை வராமலா இருக்கும்? வந்தது. பம்பிலிருந்து கசிந்த கொஞ்சம் எண்ணெய், வாயு வெளியேறும் குழாய்களில் அடைப்பை உண்டாக்கியது. முழுத் திறனை எட்ட 1966 மே ஆயிற்று. அந்த ஜூலையிலேயே ரேடியேட்டருக்குக் காற்றடிக்கும் பெரிய விசிறியின் மையப்பகுதி உடைந்து சிதறியது. கவனியுங்கள், உலையைப் படுக்கவைத்தது அணுசக்தி இல்லை, எண்ணெயும் விசிறியும்தான்! சரிசெய்தபின் 1967 செப்டம்பரிலிருந்து 1968 மார்ச் வரை 188 நாட்கள் தொடர்ந்து ஓடியது.

1968-ல் ஃப்ளோரின் வாயுவைச் செலுத்தி உப்பிலிருந்த யுரேனியத்தைப் பிரித்தெடுத்துவிட்டு, தோரியத்திலிருந்து கிடைக்கும் யுரேனியம் 233-ஐச் சேர்த்தார்கள். அதில் ஓடிய முதல் உலை இதுவே. நம் மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் இருப்பதையும், 1996-ல் கல்பாக்கத்தில் யுரேனியம் 233-ல் 'காமினி' என்ற சிறிய ஆய்வு உலை இயங்கத் தொடங்கியதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

மூடிய பிறகு

1969 டிசம்பர் 12-ஆம் தேதி உலையை நிறுத்தினார்கள். முழுத் திறனில் கணக்கிட்டால் மொத்தம் 13,172 மணி நேரம். உலோகத்தை ஆராய்ந்தபோது மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தன. டெல்லூரியம் காரணம் என்று கண்டுபிடித்து, கலவையில் நையோபியம் சேர்த்தால் தாங்கும் என்பது வரை போனார்கள். அரசின் கவனமும் பணமும் சோடியம் குளிர்விப்பு உலைகளின் பக்கம் போனதால் அடுத்த பெரிய உலை கட்டப்படவே இல்லை.

எரிபொருள் உப்பு, சுமார் நாலரை டன், கீழே தொட்டிகளில் உறைந்து கிடந்தது. சூடாக ஓடும்போது சாதுவாக இருக்கும் இந்த உப்பு, குளிர்ந்தபின் தன் கதிர்வீச்சாலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஃப்ளோரினை வெளிவிடும். இது அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் 1971 முதல் 1989 வரை வருஷத்துக்கு ஒரு முறை தொட்டிகளைச் சூடாக்கினார்கள். ஃப்ளோரின் மறுபடி உப்போடு சேர்ந்துவிடும் என்பது எதிர்பார்ப்பு. 1994-ல் குழாயிலிருந்த வாயுவை எடுத்துச் சோதித்தபோது ஃப்ளோரினும் யுரேனியம் ஹெக்ஸாஃப்ளோரைடும் இருந்தன. சுமார் 2.6 கிலோ யுரேனியம் குழாய் வழியே போய், வாயு வடிகட்டும் கரிப் படுக்கையில் சேர்ந்திருந்தது. அங்கே அவ்வளவு யுரேனியம் சேர்வது ஆபத்து. கரியும் ஃப்ளோரினும் சேர்வது இன்னொரு ஆபத்து. அதை அகற்றி, உப்பிலிருந்த யுரேனியத்தையும் பிரித்து முடிக்க 2008 ஆயிற்று. நாலரை வருஷம் ஓடிய உலைக்கு, கண்டுபிடித்த நாளிலிருந்தே பதினான்கு வருஷத் துப்புரவு!

12 பகுதிகளின் தலைப்புகளைத் திரும்பப் பாருங்கள். தொடங்க, ஓட்ட, நிறுத்த, பழுதுபார்க்க எல்லாம் உண்டு. மூடிய பிறகு யார், எதை, எத்தனை வருஷம் கவனிப்பது என்பதற்கென்று ஒரு பகுதி இல்லை. கெட்டிக்காரத்தனம் போதாமல் இல்லை. உறைவால்வைக் கண்டுபிடித்தவர்களுக்கு இதை எழுத அரைநாள் போதும். ஓட்டுவதற்கு ஆளும் பணமும் கிடைக்கிற வேகத்தில், மூடுவதற்குக் கிடைப்பதில்லை. உலகம் முழுக்க இப்படித்தான்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இந்த வருஷம் உங்கள் புராஜெக்ட் எதுவாக இருந்தாலும், அறிக்கையின் கடைசியில் ஒரு பக்கம் சேருங்கள்: "இதை எப்படிப் பத்திரமாகக் கழற்றுவது, மிச்சத்தை யார் பார்த்துக்கொள்வது". வைவாவில் யாரும் கேட்கமாட்டார்கள். இருந்தாலும் எழுதுங்கள். வேலையில் இருக்கும் நாமும் நம் கோப்புகளைப் புரட்டிப் பார்க்கலாம். அந்தப் பக்கம் இருக்கிறதா என்று.