முதுமைக்குத் துணை: இல்லமும் தாதியும்

முதியோரைப் பேணுதல் நமது பண்பு என்று விழா மேடைகளிற் பலரும் பேசக் கேட்கின்றோம். அஃது உண்மையே. ஆயினும், பாரிசவாதத்தாற் படுக்கையிற் கிடக்கும் ஒருவரை வேளை தவறாது புரட்டிப் படுக்க வைப்பதற்கும், புரைக்கேறாமல் உணவூட்டுவதற்கும், படுக்கைப்புண் வராது காப்பதற்கும் பண்பு மாத்திரம் போதாது. பயிற்சி வேண்டும், பயின்ற ஆள் வேண்டும், அவ்வாளுக்கு ஊதியமும் வேண்டும். இதனை நம் முன்னோர் அறிந்திருந்தனரா என்பதை வரலாற்றின் துணைகொண்டு சிறிது நோக்குவோம்.

காஞ்சிபுரத்துக்கு அண்மையில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் திருமுக்கூடல் என்னும் ஊர் உளது. அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்துக் கல்வெட்டு ஒன்று காணப்படுகின்றது. கோயிலைச் சார்ந்து வேதபாடசாலையும், மாணவர் விடுதியும், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலையும் இருந்தன என்று அது கூறுகின்றது. ஆதுலர்சாலை என்பது நோயாளர் தங்கும் வைத்தியசாலை. அங்கே மருத்துவர் ஒருவர், சத்திர சிகிச்சை செய்வார் ஒருவர், மூலிகை கொணர்வார் இருவர் ஆகியோருடன், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவரும் பணிபுரிந்தனர். மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும், அப்பெண்டிர் இருவருக்குமாக 30 கலம் நெல்லும் வகுக்கப்பட்டிருந்தன. இது முதியோர் இல்லமன்று. கோயிலையும் கல்விச்சாலையையும் சார்ந்தோருக்கான மருத்துவமனையே. எனினும், நோயாளரைப் பேணும் வேலை யாரோ இரக்கப்பட்டுச் செய்யும் உதவியாக விடப்படவில்லை. கூலி குறித்துக் கல்லிலே வெட்டப்பட்ட தொழிலாக அது விளங்கிற்று. இஃது ஊன்றிக் கவனிக்கத்தக்கது.

ஈழத்திலும் மிகிந்தலையில் 9ஆம் நூற்றாண்டு வைத்தியசாலையின் இடிபாடுகள் உள. நோயாளரைக் கிடத்தி மருந்தில் அமிழ்த்துவதற்காக மனித உருவளவிற் குடையப்பட்ட கற்றொட்டியை இன்றும் அங்கே காணலாம்.

நோயாளருக்கு இவ்வாறு சாலைகள் அமைந்தன. நோயின்றி மூப்பினாலே தளர்ந்தவர்களை யார் பார்த்தார்கள்? கோமாரி, திருக்கோவில், காரைதீவு, கல்முனை என நீளும் நமது கரையில் இவ்வினாவுக்கு வீடே விடையாக இருந்தது. இங்கே வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகும். மருமகன் மனைவியின் வீட்டுக்கு வருவான். மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்த பெற்றோர், பெரும்பாலும் அதே வளவில் வேறொரு வீடு கட்டிக் குடியிருப்பர். அடுத்த மகளின் முறை வரும்போது அதையும் கொடுப்பர். ஈற்றில் இளைய மகளோடு தங்கிவிடுவர். தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சமூகத்தாருக்கும் இவ்வழக்கம் பொதுவானது. கூப்பிடு தூரத்தில் மகள்மார் இருக்கும் இவ்வளவே முதுமைக்குக் காப்பாயிற்று.

பிள்ளைகளும் வளவும் இல்லாத முதியோரின் நிலை எத்தேசத்திலும் கொடிதே. பிரான்சிலே 1839ஆம் ஆண்டு ஜான் யூகான் என்னும் ஏழைப்பெண், பார்வையிழந்த மூதாட்டி ஒருத்தியைத் தன் இருப்பிடத்துக்குக் கொணர்ந்து தன் கட்டிலையே கொடுத்தாள். அதிலிருந்து பிறந்த கன்னியர் சபை 1888இற் கொழும்புக்கும் வந்து முதியோரைப் பேணத் தொடங்கிற்று. 1860இல் இலண்டனிலே புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் தாதியர் பயிற்சிப் பள்ளியை நிறுவி, பேணுதலும் கற்றுத் தேறவேண்டிய கலையென நாட்டினார். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களும் ஆக்கினார். கட்டிலைக் கொடுத்த அன்பு, பயிற்சி, தாய்மொழிக் கல்வி ஆகிய மூன்றும் நமக்கு இன்று வேண்டியவை.

ஏனெனில், நமது வளவின் காப்பு இன்று தளர்ந்துவிட்டது. 1970களின் பிற்பகுதி தொடக்கம் மத்திய கிழக்கு நாடுகளுக்கு நம் பெண்கள் பலர் உழைக்கச் சென்றனர். 1983 முதல் 2009 வரை நீடித்த யுத்தம் குடும்பங்களைச் சிதறடித்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாளின் கடற்கோள் நம் மாவட்டத்தில் மாத்திரம் 10,000 பேருக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. இம்மாவட்டத்து அகதி முகாம்களில் நடத்தப்பெற்ற ஆய்வொன்றின்படி, அங்கே தங்கியிருந்த குடும்பங்களில் 20 முதல் 29 வயதுடையோருள் நூற்றுக்கு ஏறக்குறைய 7 பேர் மாண்டனர். 50 வயதைக் கடந்தோருள் 15 பேர் மாண்டனர். ஓட முடியாதவரைத் தூக்கிச் செல்ல ஆள் வேண்டும் என்பதை இதற்குமேல் யார் சொல்ல வேண்டும்? பின்னர்க் கட்டிக் கொடுத்த வீடுகளின் உறுதிகளும் பல இடங்களிற் குடும்பத் தலைவர் என்ற முறையிற் கணவன் பெயருக்கே எழுதப்பட்டன. மகளின் வீடு என்ற பழைய அடிப்படையே இதனால் அசைந்தது.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், தம்மைத் தாமே பராமரிக்க இயலாத 60 வயதுக்கு மேற்பட்ட பெற்றோரைப் பிள்ளைகள் புறக்கணித்தலாகாது என்கின்றது. கைவிடப்பட்டவர் பராமரிப்புச் சபையிடம் முறையிடலாம். நல்ல சட்டமே. ஆனால் சட்டம் பணத்தை வாங்கித் தரலாம். நோயாளியைப் புரட்டுகின்ற கையை அது தராது. அக்கை இன்று பெரும்பாலும் தனியொரு மகளின் கையாகவே இருக்கின்றது. பகலில் அடுப்படி, இரவிற் கட்டிலடி என்று அவள் தேய்கிறாள். சகோதரர் பணம் அனுப்பியதோடு கடன் தீர்ந்தது என்று எண்ணுகின்றனர்.

வாலிப நண்பர்களே! இரண்டு மணிக்கு ஒருமுறை நோயாளியின் பக்கத்தை மாற்றுதல், குதிக்காலையும் இடுப்பையும் நாள்தோறும் பார்த்தல், நிமிர்த்தி இருத்திய பின்னரே உணவூட்டுதல் ஆகிய இவை அரிய வித்தைகளல்ல. தாதியொருவர் சில மாலைகளில் தமிழிலே கற்பித்தால் ஆடவரும் பெண்டிரும் கற்றுக்கொள்ளலாம். நம் சங்கம் அத்தகைய வகுப்பொன்றை ஆரம்பித்து, படுக்கையிற் கிடப்போர் உள்ள வீடுகளுக்கு முறைவைத்து இருவர் இருவராகச் செல்லட்டும். தாதித் தொழிலை நாடும் பிள்ளைகளை ஊர்ப் பெரியோர் ஊக்கட்டும். திருமுக்கூடற் கல்வெட்டில் அப்பெண்டிர் இருவரின் பெயர்கள் இல்லை. அவர்களுடைய கூலி இருக்கின்றது. பேணுவோரின் உழைப்பைக் கணக்கில் எழுதிய அந்த நேர்மையை நாமும் கைக்கொள்வோமாக.