மூலதன நிதியும் தாம்பரம் வட்டார அரசு மருத்துவமனைகளும்

மருத்துவமனைக்கு நிலம், கட்டடம், ஸ்கேன் கருவி, லிஃப்ட், ஆக்சிஜன் குழாய் எனப் பல்லாண்டு நிற்கும் சொத்துகளை உண்டாக்க அரசு ஒதுக்கும் பணமே மூலதன நிதி. தமிழ்நாடு பட்ஜெட்டில் மருத்துவத்துக்கான மூலதனச் செலவு 4210 என்ற கணக்குத் தலைப்பில் வரும். சம்பளமும் மருந்தும் 2210-இல் வரும். முதல் கணக்கில் எழும்பிய கட்டடத்துக்கு இரண்டாம் கணக்கிலிருந்து ஆளும் மருந்தும் வராவிட்டால், படுக்கை இருக்கும், சிகிச்சை இருக்காது. தென்சென்னைப் புறநகரில் இந்த உறவை ஒரே வளாகத்தைச் சுற்றியே பார்த்துவிடலாம்.

தாம்பரம் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையை 1928-இல் டாக்டர் சௌரி முத்து 12 படுக்கைகளுடன் தனியார் நிலையமாகத் தொடங்கினார். 1937-இல் அரசு அதை ஏற்றது. காசநோய்க்கு மருந்தில்லாத காலம் அது. காற்றும் வெயிலும் ஓய்வுமே வைத்தியம் என்பதால் பரந்த நிலத்தில், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி வார்டுகள் கட்டப்பட்டன. நோயாளிகள் பெருகப் பெருக இப்படியே கட்டிக்கொண்டு போவது எந்த அரசுக்கும் கட்டுப்படியாகாது. மருந்துகள் வந்தபின், விடை சென்னைச் சேத்துப்பட்டில் கிடைத்தது. 1956-இல் அங்கே தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் தங்கியவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாவதை 1959-இல் காட்டியது. ஏழைகளுக்குச் சிகிச்சை எட்டியதில், எந்தப் புதுக் கட்டடத்தையும்விட இந்த ஆய்வுக்குப் பங்கு அதிகம் எனலாம்.

இருந்தாலும் பழைய முதலீடு வீணாகவில்லை. 1993 முதல் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு இந்த வார்டுகள் இடம் தந்தன. 2004 ஏப்ரலில் நாட்டில் எச்.ஐ.வி.க்கான இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கியபோது முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று. பக்கத்திலேயே 2005-இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கு, மத்திய, மாநில அரசுகள் மூலதனச் செலவை 60:40 என்றும் தொடர்செலவை 75:25 என்றும் பிரித்துக்கொண்டன. கட்டும்போதே நடத்தும் செலவு யாருடையது என்று எழுதிவைத்த ஏற்பாடு இது. எல்லா இடத்திலும் இந்த முன்யோசனை இருப்பதில்லை.

2019-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. செங்கல்பட்டு நகரில் இருப்பது மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அது மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ் வருவது. அதனால் மாவட்டத் தலைமை மருத்துவமனை தாம்பரத்துக்கு வந்தது. அதுவரை ஜி.எஸ்.டி. சாலையில் இருந்த குரோம்பேட்டை ஜி.எச். கைவிரித்தால், நோயாளிகள் தெற்கே செங்கல்பட்டுக்கோ, மின்சார ரயிலேறிப் பார்க் ஸ்டேஷனில் இறங்கிச் சென்னை பெரியாஸ்பத்திரிக்கோ போகவேண்டியிருந்தது. தினக்கூலிக்காரருக்கு அது ஒருநாள் சம்பளம் போன கணக்கு. 400 படுக்கை கொண்ட புதிய தலைமை மருத்துவமனை 110 கோடி ரூபாய் செலவில் கட்டப்பட்டு, 2025 ஆகஸ்ட் 9-இல் திறக்கப்பட்டது. கிண்டியில் 2023 ஜூனில் திறந்த கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனைக்கு 1,000 படுக்கை, சுமார் 240 கோடி. வகுத்துப் பார்த்தால் இரண்டிலும் படுக்கைக்கு ஏறத்தாழ கால் கோடி.

இந்த வகுத்தல் கணக்கு திறனைக் காட்டாது. படுக்கை எத்தனை நாள் நிரம்பியிருந்தது, நோயாளி சராசரியாக எத்தனை நாள் தங்கினார், அறுவை அரங்கில் மயக்க மருத்துவர் இருந்தாரா என்பவையே அளவுகோல். பல மாடிக் கட்டடத்தில் ஸ்ட்ரெச்சர் போகும் லிஃப்ட் ஒன்று பழுதானால் ஆபரேஷன் பட்டியலே பின்தங்கும். ஓ.பி. சீட்டு வாங்கி, டாக்டரைப் பார்த்து, சி.டி. எடுக்கப் போனவருக்கு மெஷின் ரிப்பேர் என்றால் மறுதேதிதான். அன்றைய படுக்கையும் முடிவு தெரியாமல் இன்னொரு நாள் அடைபட்டுக் கிடக்கும்.

கருவி வாங்குவதை 1994-இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகச் செய்கிறது. விலை குறைகிறது, ஆனால் சின்னப் பழுதுக்கும் மேலிடத்து அனுமதிக்குக் காத்திருந்தால் அந்த லாபம் கரைந்துவிடும். அந்தக் காத்திருப்புக்கு மாற்றும் ஒன்று உண்டு: முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளும் செய்த சிகிச்சைக்குத் தொகை பெறுகின்றன. அதில் ஒரு பங்கை அந்தந்த மருத்துவமனையே தன் வசதிகளுக்குச் செலவிட வழியுண்டு.