புய்யோன் வம்சாவளி வழக்கு

பதினான்காம் லூயியின் அரசவையில் பல ஆண்டுகள் இழுத்தடித்த வம்சாவளித் தகராறு. ஓவெர்ன் மலைநாட்டைச் சேர்ந்த லா தூர் பிரபுக்கள், பழைய அக்கித்தேன் கோமகன்களின் ஆண்வழி வாரிசுகள் தாங்கள்தான் என்றார்கள். அதற்குச் சான்றாக வந்த தோல் ஏடுகள் போலி என்று நீதிமன்றம் தீர்த்தது.

ஏற்கெனவே பெரிய இடத்துக் குடும்பத்துக்குப் பழைய தாத்தா எதற்கு? செதான் சிற்றரசும் புய்யோன் கோமகன் உரிமையும் 1591-இல் ஒரு கல்யாணத்தின் வழியே லா தூர் குடும்பத்துக்கு வந்தவை. 1642-இல் அப்போதைய அரசருக்கு எதிரான சதியில் சிக்கிய அக்குடும்பத்துக் கோமகன் பிரெதெரிக்-மொரிஸ், தலை தப்பினால் போதும் என்று செதானை விட்டுக்கொடுத்தார். 1651-இல் ஈடாக நிலங்களும் 'அயல்நாட்டு இளவரசர்' அந்தஸ்தும் கிடைத்தன. அந்த அந்தஸ்து இருந்தால்தான் வீட்டுப் பெண்கள் அரசி முன்னிலையில் முக்காலியில் உட்காரலாம். மற்றவர்களில் பெரும்பாலோர் நிற்க வேண்டும். நாடு கைவிட்டுப் போன பிறகு என்ன இளவரசர் என்று மற்ற பிரபுக்கள் முணுமுணுத்தார்கள். ரத்தத்திலேயே இளவரசர் என்று காட்டிவிட்டால் அந்த வாயை அடைத்துவிடலாம்.

ஆனால் பத்தாம் நூற்றாண்டில் பிரபுக்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. பட்டயங்களில் பெர்னார், கியோம் என்று ஒற்றைப் பெயர்தான் இருக்கும். எந்த பெர்னார் யாருடைய மகன் என்பதை, திரும்பத் திரும்ப வரும் பெயர்களையும் கைமாறிய நிலங்களையும் வைத்து ஊகிக்கத்தான் முடியும். அந்த இடைவெளியில் ஒரே ஒரு ஏட்டைச் செருகினால் போதும், வம்சம் இருநூறு ஆண்டுகள் பின்னே நீண்டுவிடும்.

அப்படிப்பட்ட ஏடுகள்தான் 1695-இல் வெளிப்பட்டன. பிரியூத் தேவாலயத்தின் பழைய பட்டயத் தொகுப்பிலிருந்து பிரிந்தவை என்று சொல்லி அவற்றைக் கொண்டுவந்தவர் ழான்-பியேர் தெ பார். சோதித்து உண்மை என்று கையெழுத்திட்டவர்கள் சாதாரண ஆட்கள் அல்ல: வரலாற்றாய்வாளர் எத்தியென் பலூஸ், துறவிகளான மபியோன், ருய்னார். பழைய ஆவணங்களில் போலியைக் கண்டுபிடிக்கும் கலைக்கே 1681-இல் இலக்கணம் வகுத்தவர் இந்த மபியோன்.

1700-இல் தெ பார் கைதானார். அவர் வீட்டில் போலி தயாரித்ததற்கான தடயங்கள் கிடைத்தன. 1704-இல் தண்டனை பெற்று, பாஸ்டில் சிறையிலேயே இறந்தார். குடும்பத்தின் தூண்டுதல் இல்லாமல் இவ்வளவு சிரத்தையை அவர் தானாக எடுத்துக்கொண்டிருப்பாரா என்ற சந்தேகம் அன்றும் இருந்தது.

பலூஸ் மசியவில்லை. 1708-இல் ஓவெர்ன் குடும்ப வரலாற்றை இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டு, கண்டிக்கப்பட்ட அதே ஏடுகளையும் அதில் சேர்த்தார். அரசர் முதலில் கண்டுகொள்ளவில்லை. ஆனால் அக்குடும்பத்தைச் சேர்ந்த கார்டினல் தெ புய்யோன், போர் நடக்கும் 1710-இல் எதிரிப் பாசறைக்கு ஓடிப்போய், அயல்நாட்டு இளவரசனாகப் பிறந்த தனக்கு அந்தச் சுதந்திரம் உண்டு என்று அரசருக்கே கடிதம் எழுதினார். வம்சாவளி இப்போது ராஜத்துரோகத்துக்கு நியாயமாகிவிட்டது. புத்தகம் தடையானது, எண்பதை நெருங்கிய பலூஸ் பதவியிழந்து பாரீஸை விட்டு வெளியேற்றப்பட்டார். போலிகளை ஒதுக்கிவிட்டால், அவர் சேர்த்துவைத்த மற்ற ஆவணங்களுக்காக அந்தத் தொகுதிகளை ஆய்வாளர்கள் பின்னாளிலும் புரட்டினார்கள்.

கார்டினல் க்ளூனி மடத்தின் தலைவராகவும் இருந்தவர். 910-வாக்கில் அந்த மடத்தை நிறுவிய கோமகன் கியோம், அவர் உரிமை கோரிய அதே அக்கித்தேன் வம்சம். அங்கே தம் பெற்றோருக்கு ஒரு சமாதி எழுப்ப, ரோமில் சிற்பி பியேர் லெ க்ரோவைக் கொண்டு பளிங்குச் சிலைகள் செதுக்கி வரவழைத்திருந்தார். அரசரின் கோபத்தால் வேலை நின்றது. சிலைகள் பல பத்தாண்டுகள் பெட்டிகளிலேயே கிடந்தன; இன்று க்ளூனியின் பழைய மருத்துவமனைச் சிற்றாலயத்தில் அவற்றைப் பார்க்கலாம்.