பாக்கும் டெப்போ ஊசியும்: 1989ஆம் ஆண்டு வாசிப்பு ஒன்றுக்கு மறுப்பு

மனச்சிதைவு மருந்துகளோடு அன்றாடப் பழக்கங்கள் எவ்வாறு வினைபுரிகின்றன என்பதைச் சொல்லும் கையேடுகளில் வெற்றிலைப் பாக்குக்குக் கிடைத்திருக்கும் இடம் ஓரிரு வரிதான். அந்த வரிகளின் மூலம் பெரும்பாலும் ஒன்றே: 1989இல் ‘மூவ்மென்ட் டிஸார்டர்ஸ்’ இதழில் மார்ட்டின் டீல் எழுதிய நோயாளிக் குறிப்பு. அவர் கண்டதை நான் மறுக்கவில்லை. கண்டதற்கு அவர் கொடுத்த விளக்கம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதில்தான் கருத்து வேறுபாடு.

டீல் விவரித்தவர்கள் இருவர். இருவரும் வாரக்கணக்கில் நீடிக்கும் டெப்போ ஊசியில் இருந்த மனநோயாளிகள். ஒருவருக்கு ஃப்ளூஃபெனசின், மற்றவருக்கு ஃப்ளூபென்திக்சால். அளவு மீறிப் பாக்கு மென்ற காலத்தில் உடல் விறைப்பு, நடுக்கம், அசைவில் மந்தம், இருப்புக்கொள்ளாமை ஆகியவை கடுமையாகத் தோன்றின. பாக்கை நிறுத்தியதும் தணிந்தன. பாக்கிலுள்ள அரிகோலின் அசிடைல்கோலினைப் போல மஸ்கரினிக் ஏற்பிகளைத் தூண்டுவது. மனநல மருந்து டோபமினைத் தடுத்து வைத்திருக்கும் மூளையில் அந்தத் தூண்டல் சேர்ந்தால் தசை விறைக்கும். இதுவரை தர்க்கம் சரியே.

ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு. நடுக்கத்துக்கான புரோசைக்ளிடின் மாத்திரை முன்பே தரப்பட்டிருந்தது இருவரில் ஒருவருக்குத்தான். அவரிடம் பாக்கு எதிர்த்து நின்றது அந்த மாத்திரையை. மற்றவருக்கு விறைப்பு தோன்றியபின் தந்த புரோசைக்ளிடினும் பலன் தரவில்லை; அரிகோலின் நேரடியாகவே விறைப்பைக் கூட்டியிருக்கலாம். ஆக, ஒரே விளைவுக்கு இரண்டு வழிகள். இரண்டிலும் பாதிக்கப்பட்டது உடலசைவு. மனச்சிதைவுக்கு எதிரான மருந்தின் வேலை குறைந்தது என்பதற்கு இங்கே சான்று இல்லை. அசைவுக் கணக்கும் மனக் கணக்கும் தனித்தனி. டீல் முதற்கணக்கை மட்டும் எழுதினார். பின்வந்தோர் அதை முழுக்கணக்காக வாசித்தனர்.

இந்த மாற்றம் நிகழ்ந்த இடத்தைச் சுட்ட முடியும். 2000 ஜனவரியில் ‘லான்செட்’ இதழில் ஏட்ரியன் ஃப்யூக்-பெர்மன் வெளியிட்ட மூலிகை–மருந்து வினைகள் பற்றிய கட்டுரையின் அட்டவணையில் பாக்கு இடம்பெற்றது. மூலக்குறிப்பில் இரு மனிதர்களின் சிக்கலான கதையாக இருந்தது, அட்டவணையில் மருந்து, விளைவு என்ற கட்டங்களாகச் சுருங்கியது. அட்டவணைக்கு அது இயல்பு. கட்டத்தை மட்டும் படிப்பவருக்கோ பாக்கு மனநல மருந்தின் பகை என்றே படும்.

அதே 2000ஆம் ஆண்டில் ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரி’யில் வேறொரு சான்று வந்தது. பசிபிக் தீவான பலாவில் 70 மனச்சிதைவு நோயாளிகளை சல்லிவன் குழு ஆராய்ந்தது. பாக்கு மெல்லுவோரிடம் நோய்க்குறிகள் குறைவாக இருந்தன. அசைவுக் கோளாறுகளில் இரு பிரிவினரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஒரே ஆண்டின் இரண்டு வாசிப்புகளில் எச்சரிக்கைதான் அதிகம் பரவியது. பலாவின் முடிவையும் அப்படியே ஏற்க முடியாது. அது ஒரே தருணத்தில் எடுத்த அளவீடு. பாக்கு நோயைத் தணித்ததா, நோய் லேசாக உள்ளவர்கள்தான் ஊரோடு கூடி மென்றார்களா என்பதை அது பிரித்துச் சொல்லாது. 

எனினும் அது தனித்து நிற்கும் சான்றும் அன்று. 1957இலேயே ஃபைஃபரும் ஜென்னியும் மனச்சிதைவு நோயாளிகளுக்கு அரிகோலின் செலுத்தி, சற்று நேரமே நீடித்த தெளிவைப் பதிவு செய்தனர். அரிகோலினின் வேதியமைப்பைப் பின்பற்றி உருவான சனோமலின், உடலின் பிற பகுதிகளில் மஸ்கரினிக் விளைவைத் தடுக்கும் ட்ரோஸ்பியத்துடன் சேர்ந்து, 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் மனச்சிதைவுக்கான மருந்தாக ஒப்புதல் பெற்றது. 1957, 2000, 2024 ஆகிய மூன்றையும் ஒரே கோட்டில் வைத்தால் டீலின் குறிப்பு அக்கோட்டின் மறுபக்கம் ஆகிறது: மனத்தைத் தெளியவைக்கக்கூடிய அதே தூண்டல்தான் தசையை விறைக்கவும் வைக்கிறது.

இதை நமது விழுப்புரம்–திண்டிவனம் வட்டாரத்துக்குப் பொருத்தும்போது இரண்டு தடைகள். முதலாவது, பாக்கே ஒன்றல்ல. பலாவில் மெல்லுவது பச்சைப் பாக்கு. இங்கே கொட்டைப்பாக்கும் சீவலும், சிலரிடம் வேகவைத்த பாக்கும். வேகவைத்தால் அரிகோலின் வெகுவாகக் குறைகிறது. சுண்ணாம்பு சேர்ந்தால் அரிகோலினின் ஒரு பகுதி அரிகெய்டினாக மாறுகிறது. அது வேறு வழியில், காபா மறுஉறிஞ்சலைத் தடுத்து, இயங்குவது. எனவே ‘நாளைக்கு எத்தனை தரம்’ என்ற எண்ணிக்கை மட்டும் எதையும் சொல்லாது.

இரண்டாவது, புகையிலை. வெற்றிலையோடு மெல்லும் புகையிலையும் பீடியும் மருந்தைப் பொறுத்தவரை வெவ்வேறு பொருள்கள். க்ளோசபின், ஒலன்சபின் இரண்டையும் சிதைக்கும் சிஒய்பி1ஏ2 நொதியைப் பெருக்குவது புகையின் ஹைட்ரோகார்பன்கள், நிகோடின் அல்ல. சிகரெட்டை விட்டால் அந்த நொதியின் செயல்பாடு சுமார் 39 மணி நேரத்தில் பாதி வழி இறங்குகிறது என்று 2004இல் ஃபாபரும் ஃபூரும் அளந்தனர். பீடி பிடிப்பவர் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற புகைபிடிக்க முடியாத இடத்தில் தங்கும்போது இரத்தத்தில் மருந்து ஏறும். ஊருக்குத் திரும்பிப் பற்றவைத்தால் இறங்கும். பாக்கைவிட உறுதியாக நிறுவப்பட்ட வினை இதுவே.

நமது புறநோயாளிச் சீட்டுகளில் ஹாலோபெரிடாலுக்கு அடுத்த வரியில் ‘டிஎச்பி 2 மி.கி.’ வருவது சாதாரணம். டிஎச்பி எனப்படும் டிரைஹெக்சிஃபெனிடில் புரோசைக்ளிடினின் இனம். ஆகவே புரோசைக்ளிடினை முன்பே எடுத்துவந்த டீலின் நோயாளியின் நிலை இங்கே அரிதாக இருக்க வாய்ப்பில்லை. ஆனால் ‘கெட்ட பழக்கம் ஏதாவது உண்டா?’ என்று கேட்டால் பீடியும் குடியும்தான் பதிலாக வரும். சாப்பாட்டுக்குப் பின் போடும் வெற்றிலையை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. விறைப்பு கூடினால் டிஎச்பியை உயர்த்துவதற்கு முன் வெற்றிலையைத் தனியாகக் கேட்பது நல்லது.

மெல்லுவதற்கு இது பரிந்துரை ஆகாது. பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிசெய்திருக்கிறது. என் வாதத்தின் எல்லை குறுகியது: டிஎச்பி எடுப்போர், எடுக்காதோர் என்று பிரித்து, பாக்கின் வகையையும் சுண்ணாம்பையும் பீடியையும் தனித்தனியே குறித்த பதிவுகள் திரளும்வரை, இரண்டு நோயாளிகளின் விறைப்பை மருந்துக்கும் பாக்குக்குமான பொதுப் பகையாக எழுதுவது சான்று தாங்காத முடிவு.